இல்லாத துவக்கின் சொந்தக்காரன்

தமிழ் படிப்பிக்கும் வாத்தியாருக்குக் கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையை நான் பல வருடங்களாகக் கெடுத்து வருகிறேன். பிள்ளைகளின் கொப்பியில் ஒரு சுழி குறைந்தாலும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, அந்தச் சொல்லைப் பத்துத் தரம் எழுத வைப்பவன் நான். ஆனால் நான் கரும்பலகையில் எழுதுவதை முன்வாங்குப் பிள்ளைகள் ஊகித்துப் பின்வாங்குக்குச் சொன்னால்தான் வகுப்பு நகரும். அதிலும் என் ‘கி’ பெரிய கண்டம். மேலே ஏறி வளைய வேண்டிய கொக்கி, அதாவது நாங்கள் விசிறி என்பது, என் அவசரத்தில் கீழே சறுக்கிவிடும். பார்ப்பவருக்கு அது ‘கு’.

அப்படி ஒரு ‘கி’ சறுக்கியதில் எனக்கு ஒரு தானியங்கித் துவக்கு கிடைக்கப் பார்த்தது. (துவக்கு என்றால் துப்பாக்கி. இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் மன்னிக்க.) நல்லவேளையாகத் துவக்கு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறு சில கிடைத்தன.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம் அது. பூநகரிப் பக்கம் ஜெயபுரத்தில் என் மனைவி சுமதியின் அப்பாவுடைய காணியில் குடியிருந்தோம். யுத்தம் முடிந்து மாமா மீள்குடியேறி வந்தபோது அந்தக் காணியில் வீடு இல்லை, மரம் இல்லை, வேலி இல்லை. கிணறு மட்டும் இருந்தது. கிணற்றை நம்பிக் கச்சானும் (நிலக்கடலைதான்) மிளகாயும் போட்டார். கிணற்றில் கரண்ட் மோட்டர் ஒன்று. கரண்ட் ஒரு நாளில் ஐந்தாறு தரம் போகும், வரும். போனால் மோட்டர் நிற்கும். வந்தால் தானாக ஓடாது. யாராவது காணியின் அந்தத்துக்கு நடந்துபோய் மோட்டர்க் கொட்டிலில் பொத்தானை அமத்த வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். சுமதிக்கு ஆறு மாதம். ஆகவே மாமாதான் நடப்பார். முழங்காலுக்குள் இன்னமும் ஒரு சின்ன இரும்புத் துண்டு கிடக்கும் மனிதர் அவர்.

கரண்ட் வந்ததும் மோட்டரைத் தானாக ஓட வைக்கும் பெட்டி ஒன்று உண்டு. கடையில் அதை ‘ஓட்டோ ஸ்டாட்டர்’ என்பார்கள். நான் சொல்வேனா? அந்தக் காலத்தில் நான் சைக்கிளைக்கூட ஈருருளி என்று சொல்லித் திரிந்தவன். (“உங்கட ஈருருளிக்குக் காத்துப் போயிட்டுது” என்று சுமதி முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லுவாள்.) என் அகராதியில் அந்தப் பெட்டியின் பெயர் ‘தானியங்கித் துவக்கி’. துவக்கி வைப்பது துவக்கி. எவ்வளவு அழகான சொல் என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, விவசாயிகளுக்கு அரைவிலையில் உபகரணம் கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. மாமா படிவத்தை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, நீங்கள் படிச்ச ஆள். வடிவா எழுதிக் குடுங்கோ.”

வடிவாகத்தான் எழுதினேன். கோரும் உபகரணம் என்ற இடத்தில் ‘தானியங்கித் துவக்கி’ என்று எழுதினேன், அல்லது எழுதியதாக நினைத்தேன். ஏன் தேவை என்ற இடத்தில் ‘ஆள் இல்லாத நேரத்திலும் தானாக இயங்க வேண்டும்’ என்றேன். யார் பயன்பெறுவர் என்று கேட்டிருந்தார்கள். மாமா அயலுக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவர் என்பதால் ‘அயலிலுள்ள பன்னிரண்டு குடும்பங்களும்’ என்று நிரப்பினேன். முன் அனுபவத்துக்கு ‘என் மாமாவுக்கு நீண்டகாலப் பயிற்சி உண்டு’. கடைசியில் வேறு ஏதேனும் கூற விரும்பினால் எழுதச் சொல்லி நான்கு கோடு விட்டிருந்தார்கள். அனுதாபம் சம்பாதிக்கலாமே என்று நான்கு கோட்டையும் நிரப்பினேன். ‘முன்பு எம்மிடம் இருந்ததை இடப்பெயர்வின்போது இதே காணியில் புதைத்துவிட்டுச் சென்றோம். இன்றுவரை மீட்க முடியவில்லை.’

அது உண்மைதான். மாமாவிடம் முந்தி ஒரு மண்ணெண்ணெய் இறைப்பு மிசின் இருந்தது. ஊரைவிட்டு ஓடும்போது அதைப் பொதிசெய்து ஒரு முருங்கைக்கு நேரே புதைத்துவிட்டுப் போனவர். திரும்பி வந்தபோது முருங்கையும் இல்லை. மூன்று இடம் தோண்டிப் பார்த்துக் கைவிட்டுவிட்டார்.

இப்போது அந்தப் படிவத்தை, ‘கி’ இருந்த இடத்தில் ‘கு’ போட்டு, ஒருதரம் வாசித்துப் பாருங்கள். நானும் பிறகு வாசித்தேன். எனக்கே என்னில் பயம் வந்தது.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. நான் அனுப்பிய கந்தோரிலிருந்து அல்ல, வேறு ஏதோ கந்தோரிலிருந்து. ‘தாங்கள் கோரியுள்ள தானியங்கித் துவக்கு தொடர்பாக’ என்று தொடங்கியிருந்தது. நான் சிரித்தேன்.

“பாரும் சுமதி, ஒரு ‘கி’ போடத் தெரியாதவையெல்லாம் கந்தோரிலை இருக்கினம்” என்று சொல்லிச் சிவப்புப் பேனையை எடுத்து அந்தக் ‘கு’வுக்கு வட்டம் போட்டேன். (கடவுளே.)

கடிதத்தோடு ஒரு பட்டியலும் இருந்தது. காணிப் பத்திரம். எங்கள் கிராம அலுவலர் விதானையாரின் நற்சான்று. பொலிஸ் சான்று, அதை அவர்களே விசாரித்துக்கொள்வார்களாம். உடம்பும் மனமும் சரியாக இருக்கின்றன என்று வைத்தியரின் கடிதம். சுவரோடு சேர்த்துப் பூட்டக்கூடிய இரும்பு அலுமாரி. கட்டணம் கட்டி வருடா வருடம் புதுப்பித்தல். கடைசி வரியில், ‘தானியங்கி வகை என்பதால் நேரில் சமுகமளித்து விளக்கம் தரவும்’ என்று ஒரு திகதி.

“ஒரு மோட்டர்ப் பெட்டிக்கு இவ்வளவோ?” என்றாள் சுமதி.

“கரண்ட் சாமான் எண்டால் பாதுகாப்பு முக்கியம்தானே” என்றேன். அரசாங்கம் முதல் முறையாக ஒழுங்காக வேலை செய்கிறது என்ற சந்தோசம் எனக்கு.

இங்கே எங்கள் ஊர்ப்பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. பன்றி விரட்ட அனுமதியோடு வைத்திருப்பவர்கள்கூட ‘அது’ என்பார்கள், ‘சாமான்’ என்பார்கள், சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். பழகிப்போன பயம், போகாது. அந்தச் சொல்லை யாராவது ஒருவர் உரத்துச் சொல்லியிருந்தால் இந்தக் கதை முதல் நாளே விதானையார் வீட்டில் முடிந்திருக்கும்.

விதானையார் என் கடிதத்தை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். எழும்பிப்போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

“மாஸ்டர், இந்தச் சாமான் இப்ப உங்களுக்கு என்னத்துக்கு?”

“மாமாவாலை ஏலாமக் கிடக்கு. அந்த மனிசன் எத்தினை தரமெண்டு அமத்திறது?”

“அவர் இப்பவும் அமத்திறவரோ?”

“நாளுக்கு அஞ்சாறு தரம்.”

விதானையார் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்.

“நான் கேக்கேல்லை. நீங்கள் சொல்லேல்லை. சரியோ?” என்று நற்சான்றில் கையெழுத்து வைத்து, அதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். நான் வெளியே இறங்கியதும் கதவு உள்ளே பூட்டுப்படும் சத்தம் கேட்டது. பட்டப்பகலில் ஏன் பூட்டுகிறார் என்று நினைத்தேன். களவு கூடிவிட்டதாக்கும்.

வைத்தியர் ஓர் இளம் பெண். கடிதத்தை வாசித்துவிட்டு என் நாடியைப் பிடித்தபடி, நித்திரை ஒழுங்காக வருகிறதா, கெட்ட கனவு ஏதும் உண்டா என்று கேட்டார்.

“கனவிலையும் கிணத்தடிதான் டொக்டர். ஆரும் கிட்டப் போகாமலே அது தானா ஓடத் தொடங்குற மாதிரி.”

அவர் மெதுவாக என் கையை விட்டார். “வீட்டிலை உங்களோட ஆக்கள் கதைக்கிறவையோ?” என்று கேட்டார். நன்றாகக் கதைப்பார்கள் என்றேன். கடிதம் தந்தார். அதில் ‘இன்றைய நிலையில்’ என்ற சொற்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தார்.

இரும்பு அலுமாரியை மாங்குளத்தில் பழைய சாமான் விற்கும் இடத்தில் வாங்கினேன். அலுமாரி விலைக்கு நாலு ஓட்டோ ஸ்டாட்டர் வாங்கியிருக்கலாம் என்பதை அப்போது என் புத்தி கணக்குப் பார்க்கவில்லை. லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மிசின்) பெட்டியில் நிமிர்த்தி நிறுத்திக் கட்டி, நானும் பக்கத்தில் பிடித்தபடி நின்று, ஊருக்குள்ளால் கொண்டுவந்தேன். சாதாரணமாக எங்கள் ஒழுங்கையில் ஒரு சட்டி வாங்கிக்கொண்டு வந்தாலும் “என்ன விலை? எங்கை வாங்கினது?” என்று நாலு வேலியில் கேள்வி வரும். அன்று சனம் வேலியில் நின்றது. அலுமாரியைப் பார்த்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் கடந்துபோனதும் படலைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

அடுத்த நாள் தண்ணீருக்கு ஆள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பன்னிரண்டு குடும்பத்தில் ஒரு வாளிகூட இல்லை. கிணற்றடியில் எப்போதும் கேட்கும் சிரிப்பும் சண்டையும் நின்றுபோய், மத்தியானத்தில் கச்சான் இலை அசைவது கேட்டது.

மூன்றாம் நாள் எங்கள் படலைக்கு எதிரே நிற்கும் பாலை மரத்தடியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. இரண்டு பேர். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. தபால்காரரைக்கூட ஒழுங்கை முடியும்வரை துரத்தும் எங்கள் நாய், அவர்களைப் பார்த்துவிட்டு மெதுவாக வந்து கட்டிலுக்குக் கீழே படுத்தது. திட்டத்தின் கள ஆய்வாளர்கள் என்று நான் முடிவுசெய்தேன். வெயிலில் நிற்கிறார்களே என்று தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“தோட்டத்தைப் பாக்கப் போறியளோ?”

“பாத்துட்டம்” என்றார் ஒருவர். எப்போது பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

போகும்போது கோப்பைகளைப் படலைக் கட்டையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளும் வெளியும் கழுவித் துடைத்த கோப்பைகள், ஒரு விரலடையாளம்கூட இல்லை. சுமதி அவற்றைக் கையில் எடுக்கவே இல்லை.

“இஞ்சருங்கோ, ஆய்வுக்கு வந்தவை கோப்பை கழுவுவினமோ?”

“நல்லா வளத்த பிள்ளையள்” என்றேன். (என்னை யாரும் அந்த இடத்திலேயே உதைக்காதது இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.)

அன்றிலிருந்து மாமா ஓரிடத்தில் இருக்கவில்லை. தலையைக் குனிந்தபடி காணிக்குள் நடந்தார். மண்ணைப் பார்த்தார். நின்றார். திரும்பவும் நடந்தார். உச்சி வெயிலில் கிணற்றடியில் அசையாமல் நின்றவரிடம் நான் போனேன்.

“தம்பி, அந்தப் படிவத்திலை புதைச்சதையும் எழுதினனீங்களோ?”

“ஓம் மாமா. உள்ளதைத்தானே எழுதினனான்.”

அவர் தோட்டத்து மண்ணைக் கண்ணால் அளந்தார்.

“நான் புதைச்சது ஒண்டு. நாங்கள் போன பிறகு இந்தக் காணியிலை ஆர் ஆர் இருந்தவை, ஆர் என்னத்தைப் புதைச்சவையெண்டு எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. அதை ஏன் தம்பி கடதாசியிலை எழுதினனீங்கள்?”

நான் காலில் செருப்பில்லாமல் நின்றேன். இரண்டு வருடமாக நடந்த மண்தான். அன்றைக்கு முதல் தடவையாக எங்கே கால் வைக்கிறேன் என்று பார்த்து வைத்துத் திரும்பி வந்தேன்.

குறித்த திகதியில் கோப்போடு போனேன். வெள்ளைச் சேட்டுப் போட்ட அதிகாரி ஒருவர், தமிழை நிதானமாகப் பேசுகிறவர். என் படிவம் அவருக்கு முன்னால் கிடந்தது. அதோடு சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்று குத்தப்பட்டிருந்தது. மூலையில் இன்னொருவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் ‘டக்’ என்றது.

“இது நீங்க எழுதினதா மாஸ்டர்?”

“ஓம் ஐயா.”

“ஆள் இல்லாட்டியும் தானா இயங்க வேணும்.”

“அதுதானே அதின்ர நன்மை.”

மூலையிலிருந்தவர் எழுதினார்.

“சத்தம்?”

“பெரிசாக் கேளாது ஐயா. கிணத்தடியோட அடங்கிடும்.”

“பன்னிரண்டு குடும்பம். அவங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியாமலோ? முறை வைச்சு எடுக்கிறவை.”

“உங்க மாமாவுக்கு யார் பயிற்சி குடுத்தது?”

“அந்தக் காலத்திலை இந்தப் பக்கம் எல்லாரும் தானாப் பழகினவை. ஆனால் எங்கட மாமா கழட்டிப் பூட்டுறதிலை விண்ணன். கண்ணை மூடிக்கொண்டு செய்வார்.”

மூலையிலிருந்தவர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவர் பேனை நின்றுவிட்டது.

அதிகாரி படிவத்தை மூடினார்.

“மாஸ்டர், சட்டம் சொல்றேன், கேளுங்க. பயிரைக் காக்க ஒரு சாதாரணத் துவக்குக் கேக்கலாம். காணி காட்ட வேணும், சான்று காட்ட வேணும், வருசா வருசம் காசு கட்டிப் புதுப்பிக்க வேணும். தானியங்கித் துவக்கு அப்படி இல்ல. உங்கள மாதிரி ஆளுக்கு ஒரு கந்தோரும் அனுமதி தராது. அதுக்குக் கட்டணம் காசில்ல மாஸ்டர். வருசம். எத்தன வருசம் எண்டு நீதிமன்றம் சொல்லும்.”

துவக்கு. இத்தனை நாளில் ஒருவர் அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேரே உரத்துச் சொன்னது அப்போதுதான்.

காது அடைத்துப்போனது. சாத்திய யன்னல், கோடு போட்ட வைத்தியர் கடிதம், படலைகள், கழுவின கோப்பை எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் விழுந்தன. இந்தக் கதையை நகைச்சுவையாகச் சொல்கிறேன் என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். அந்த நிமிடம் நான் பயந்த மாதிரி அதற்கு முன்னும் பயந்ததில்லை, பின்னும் பயந்ததில்லை. இனிச் சுமதி பிள்ளையைத் தனியப் பெற்று, தனிய வளர்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். என் பிள்ளையின் முகத்தை ஒரு கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று முதல் தடவையாகப் பார்ப்பேன் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்கள் கடவுளைக் கூப்பிடுவார்கள். நான் இலக்கணத்தைக் கூப்பிட்டேன்.

“ஐயா, அது எழுத்துப்பிழை! கு இல்லை ஐயா, கி!”

அவருக்கு விளங்கவில்லை. மோட்டர், கரண்ட், மாமாவின் முழங்கால், ஸ்டாட்டர் என்று நான் அழாத குறையாகச் சொல்லி முடித்தேன். கடைசியில் அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

“அந்தச் சொல்ல எழுதுங்க.”

“எத்தினை தரம்?” என்று கேட்டேன். (வாத்தியார் புத்தி.)

“பத்துத் தரம்.”

எழுதினேன். அவர் பேனை நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“இது?”

“கி, ஐயா.”

“இது?”

“கி.”

“இது?”

நானே குனிந்து பார்த்தேன். “அது… கு மாதிரித்தான் கிடக்கு.”

பத்தில் ஆறு அப்படிக் கிடந்தது. அதிகாரி எண்ணினார். பிறகு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், “ஆறு துவக்கு, மாஸ்டர். முதல்ல நீங்க ஒண்டுதான் கேட்டிருந்தீங்க” என்றார். மூலையிலிருந்தவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

தப்பிவிட்டேன் என்று மூச்சு விட்டேன். அதிகாரி படிவத்தின் கடைசி நான்கு கோட்டில் விரலை வைத்தார்.

“சரி. அப்ப காணியில புதைச்சது என்ன?”

“பழைய இறைப்பு மிசின் ஐயா.”

“அது மட்டும்தானா?”

ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மாமா சொன்னது ஞாபகம் வந்தது. வாய் திறந்தபடியே நின்றது.

இரண்டு நாள் கழித்து உச்சி வெயிலில் வந்தார்கள். இரண்டு வாகனம். கண்ணிவெடி தேடுகிறவர்கள் கொண்டு திரியும், நீளக்கைப்பிடி வைத்த கருவி ஒன்று. சுமதியை ஒழுங்கை முடிவில் கொண்டுபோய் இருத்தினார்கள். அயல்சனம் தூரத்தில் நின்றது. காகம்கூடக் கத்தவில்லை.

கருவியோடு நடந்தவர் எங்களைக் கடந்ததும் அது வீரிட்டது. எல்லோரும் இரண்டு அடி பின்வாங்கினார்கள். மாமா மட்டும் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அது என்ர முழங்காலுக்குள்ளை கிடக்கிறது, ஐயா. அதுக்கு ஆசுப்பத்திரிக் கடிதம் இருக்கு.”

பிறகு ஆணிக்குக் கத்தியது. மீன் ரின்னுக்குக் கத்தியது. ஒவ்வொரு முறை கத்தும்போதும் எல்லோருடைய மூச்சும் நின்றது. கடைசியாகக் கிணற்றடியில், உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குக் கிட்டப் போனதும் நிறுத்தாமல் கத்தத் தொடங்கியது. வயிற்றுப் பிள்ளையோடு சுமதி தினமும் நின்று தோய்க்கும் கல்.

“இதுதானா புதைச்ச இடம்?” என்று அதிகாரி மாமாவிடம் கேட்டார்.

“தெரியாது ஐயா. முருங்கைக்கு நேரை வைச்சனான். முருங்கை நிண்ட இடம் தெரியாது.”

எங்களைத் தூரப் போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். கச்சான் வரம்புக்குள் படுத்தேன். சுடுமண்ணில் காது பட்டது. உள்ளே எதுவோ துடிப்பதுபோலக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என் நெஞ்சு என்று பிடிபட்டது. கல்லைப் புரட்டும் சத்தம். மண்வெட்டிச் சத்தம். பிறகு மண்வெட்டியும் நின்றது. அந்த மௌனம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மாமாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார்.

“ஐயா, வாங்க” என்று கூப்பிட்டார்கள்.

குழிக்குள்ளிருந்து ஒரு பொதியை எடுத்து வைத்திருந்தார்கள். தறப்பாள். அதற்குள் உரப்பை. அதற்குள் கிறீஸ் ஊறிய ஒரு நீலச் சேலை. சேலைக்குள் மாமாவின் இறைப்பு மிசின், இழுக்கும் கயிறு சுற்றினபடி கிடந்தது.

மாமா மிசினைப் பார்க்கவில்லை. குனிந்து சேலைத் தலைப்பை எடுத்தார்.

“அவாதான் சுத்தினவா” என்றார். “கிறீஸ் பிரளும், வேண்டாமெண்டனான். வந்து தோய்க்கலாம்தானே எண்டவா.”

மாமி, சுமதியின் அம்மா, திரும்பி வரவில்லை. அந்த ஓட்டத்தில் மாத்தளனுக்குக் கிட்ட எங்கேயோ போய்விட்டா. அவவின் சேலை இவ்வளவு காலமும் தோய்க்கிற கல்லுக்குக் கீழேயே இருந்தது. சுமதி ஓடி வந்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை. அப்பாவும் மகளும் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பக்கத்தில் நின்று அழுதேன். அதிகாரி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் கோப்பு என்று ஒன்று இருக்கிறதே. கொஞ்ச நேரம் கழித்து அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“ஐயா, மன்னிக்க வேணும். எழுத வேணும். இது… தானியங்கியா?”

“இல்லை ஐயா” என்றார் மாமா. “கயிறு இழுக்கோணும்.”

எழுதுகிறவர் எழுதினார்.

பிறகு கடைக்குப் போய் முழு விலை கொடுத்து, “ஒரு ஓட்டோ ஸ்டாட்டர் தாங்கோ” என்று தெளிவாகக் கேட்டு வாங்கி மோட்டருக்குப் பூட்டினேன். அயல்சனம் வாளியோடு திரும்பி வந்தது. விதானையார் என்னைக் கண்டால் இப்போதும் யன்னலைப் பார்ப்பார். இரும்பு அலுமாரியைச் சுவரோடு பூட்டி, இரண்டு பூட்டுப் போட்டு, அதற்குள் மாமியின் நீலச் சேலையைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறோம். வேறு ஒன்றும் இல்லை.

கோப்பு மட்டும் இன்னும் மூடப்படவில்லை. துவக்குக் கோப்பை மூடுவதென்றால் அதற்கு ஒரு படிவம் உண்டாம். அதில் ‘ஒப்படைத்த துவக்கின் இலக்கம்’ என்று ஓர் இடம் இருக்கிறதாம். ஒப்படைக்க என்னிடம் துவக்கு இல்லை. ஆகவே துவக்கு வைத்திருப்பவர்கள் வருடா வருடம் போய்ப் புதுப்பிக்கிறார்கள், நான் என் இல்லாத துவக்கை வருடா வருடம் வீட்டில் இருந்தபடி புதுப்பிக்கிறேன். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருவார்கள். ஆட்கள் மாறுவார்கள், பாலை மர நிழல் மாறாது. அலுமாரியைத் திறக்கச் சொல்லிச் சேலையைப் பார்ப்பார்கள். “இந்த வருசமும் இல்லையா?” என்பார்கள். “இல்லை, ஐயா” என்று கையெழுத்து வைப்பேன். எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும், அலுமாரித் திறப்பானாலும் தேங்காய் திருவுகிற பலகையானாலும், “இந்த வருசமும் இல்லையோ?” என்றுதான் தேடுவோம்.

இந்த வருடமும் வந்தார்கள். இரண்டு பேரும் புதியவர்கள். மத்தியானம், கரண்ட் இல்லை. அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது ஆறாம் வகுப்பு. பக்கத்தில் நின்று என் கையெழுத்தைப் பார்த்து, “அப்பா, விசிறியை மேலை போடுங்கோ” என்று காதுக்குள் சொன்னாள். நான் பேனையை எடுத்த நேரம் கரண்ட் வந்தது. ஆள் இல்லாத கிணற்றடியில் மோட்டர் ஒருதரம் உறுமிவிட்டுத் தானாக ஓடத் தொடங்கியது. இரண்டு பேரும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்கள். ஒருவரின் கை இடுப்புக்குப் போனது. நாய் கட்டிலுக்குக் கீழே போனது.

“பயப்பிடாதேங்கோ அங்கிள்” என்றாள் என் மகள். “அது எங்கட தானியங்கி.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் கொப்பியைத் திரும்பவும் திறந்து ஏதோ எழுதினார். சுமதி தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்தார்கள். போகும்போது கோப்பைகளைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.